காலாப்பட்டுக் கூரைகள்

புதுச்சேரி என்றவுடன் நேயர்களில் பலருக்கு நேர் நேரான வீதிகளும், உயர்ந்த மதில்களும், கடற்கரையோரத்துப் பழைய வெளிச்ச வீடும் நினைவுக்கு வரும். தேசாபிமானிகளுக்கு அந்த நகரம் வேறொரு விதத்தில் உரிமையானது. 1908-ஆம் வருஷம் முதல் 1918-ஆம் வருஷம் வரையில் பாரதியார் அடைக்கலம் புகுந்திருந்த ஊர் அது. 1910-இல் அங்கே வந்து சேர்ந்த அரவிந்தர் பிறகு அதை விட்டுப் போகவேயில்லை. ஆனால் நாம் இப்பொழுது எழுதப் புகுந்தது அந்த வீதிகளைப் பற்றியன்று. அவற்றிற்கு வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில், சென்னைக்குப் போகும் கடற்கரைச் சாலையில் அமைந்த காலாப்பட்டைப் பற்றியும், அங்குள்ள எளிய வீடுகளின் தலைமேல் நடந்து வரும் ஒரு மாறுதலைப் பற்றியுமே எழுதப் போகிறோம்.

காலாப்பட்டுக்குப் பஸ் ஏறுகிறவர்கள் வழியில் ஒரு வேடிக்கையைக் காணலாம். முத்தியாலுப்பேட்டையைத் தாண்டினால் புதுச்சேரி முடிந்துவிடுகிறது; கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு ஆரம்பமாகிறது. முதலியார்சாவடிகள் இரண்டையும், பொம்மையார்பாளையத்தையும் கடந்து சிறிது தூரம் போனால் மறுபடியும் புதுச்சேரி! பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் நம் நாட்டை அப்பம் பிய்ப்பது போல் பிய்த்துப் பங்கிட்டுக் கொண்டதன் மிச்சம் இது. 1954-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 1-ந் தேதி ஆட்சி நம் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-ந் தேதி அது சட்டபூர்வமாயிற்று. ஆயினும் எல்லைக் கோடுகள் கிழித்தது கிழித்தபடியே இருக்கின்றன. ஒரே கடற்கரை, ஒரே மீன், ஒரே காற்று. ஆனால் ஒரு குப்பத்தார் கூரைக்கு உதவி கேட்டு மனுப் போடுவது புதுச்சேரிக்கு, அடுத்த குப்பத்தார் மனுப் போடுவது விழுப்புரத்துக்கு. புயலுக்கு மட்டும் இந்த எல்லை தெரிவதில்லை.

காலாப்பட்டு என்று பொதுவாகச் சொன்னாலும், பெரிய காலாப்பட்டு, சின்னக் காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி, கனகச்செட்டிகுளம் என்று பல ஊர்கள் அதில் அடக்கம். 1985-ஆம் வருஷத்தில் ஸ்தாபிதமான மத்தியப் பல்கலைக் கழகம் இங்கேதான் இருக்கிறது. அதன் விசாலமான கட்டடங்களின் கூரையைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிக் கடலை நோக்கி நடந்தோம்.

நாம் போய்ச் சேர்ந்தது புரட்டாசி மாதக் கடைசி. அந்தச் சமயத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. குளிர்காலம் நெருங்கினால் மேல்நாட்டு ஜனங்கள் கூரையைச் செப்பனிடத் தொடங்குவார்களாம். பனியின் பாரம் தாங்காமல் முறிந்து விழுமே என்பது அவர்கள் கவலை. நம்முடைய கிழக்குக் கரையில் கூரையை அழுத்துகிற பாரம் கிடையாது. அதைப் பிடுங்கிக் கொண்டு போகிற காற்றுத்தான் உண்டு. புதுச்சேரியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. எந்த வருஷத்து மழையோடு புயலும் சேர்ந்து வரும் என்பது முன்கூட்டித் தெரிகிற விஷயமல்ல. ஆகையால் காலாப்பட்டுக் குப்பங்களில் கூரை வேலைக்குப் புரட்டாசிதான் கடைசித் தவணை.

இந்தக் கரைக்குப் புயல் புதிதன்று. 1761-ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதி, ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த சமயத்தில், ஒரு கடும் புயல் அவர்களுடைய கப்பல் படையைச் சூறையாடியது. சில கப்பல்கள் மூழ்கின. சில கரையில் மோதின. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். அப்படியும் இரண்டு வாரத்துக்கெல்லாம் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1916-ஆம் வருஷம் நவம்பர் 22-ந் தேதி இரவு அடித்த புயலைத் தமிழ் மக்கள் மறக்க முடியாது. பாரதியார் அதை நேரில் அனுபவித்தவர். அந்த இரவில் ஒரு கணவனும் மனைவியும் பேசிக் கொள்வதாக ஒரு பாட்டும், அழிவுக்கு நடுவே தப்பி நின்ற தென்னந்தோப்பைப் பற்றி இன்னொரு பாட்டும் அவர் இயற்றினார். 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி அதிகாலை, இனிமேல் புயல் இல்லை என்று ஜனங்கள் நிம்மதியடைந்திருந்த மார்கழி நடுவில், ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரையில் காற்று வீசியது. கடலூர்ப் பக்கத்தில் முந்திரியும் பலாவும் தென்னையும் வேரோடு சாய்ந்து கிடந்த காட்சியைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். 2020 நவம்பரில் ‘நிவர்’ புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு வந்த ‘ஃபெஞ்சல்’ புயலோ காற்றை விட மழையால் வதைத்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது என்றால் நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

நம்முடன் சித்திரக்கார நண்பர் ஒருவர் வந்திருந்தார். குப்பத்துக்குள் நுழைந்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. பாதிக்கு மேற்பட்ட வீடுகள் கல் வீடுகளாகிவிட்டன. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஆழிப் பேரலை வந்து போன பிறகு இந்தக் கரை முழுவதும் கட்டிய தளம் போட்ட வீடுகளும், சர்க்கார் உதவி பெற்று ஜனங்கள் தாங்களே கட்டிக் கொண்ட வீடுகளும் வரிசையாக நின்றன. மீதி வீடுகளில் கீற்றுக் கூரை அங்கொன்றும் இங்கொன்றுமாகவே தென்பட்டது. அவற்றிலும் ஒன்றை நாம் பார்த்துக் கொண்டிருக்கும்போதே பிரித்துக் கொண்டிருந்தார்கள். வாசலில் நீல வர்ணம் பூசிய தகடுகள் அடுக்கி வைத்திருந்தன. “இந்தத் தகரத்தை எப்படி ஐயா சித்திரம் எழுதுவது?” என்று நண்பர் நம்மிடம் அலுத்துக் கொண்டார். இதைக் கேட்டுக் கொண்டிருந்த அந்த வீட்டு அம்மாள், தலைமேல் இருந்த கீற்றுச் சுமையைக் கீழே போட்டுவிட்டு, “படத்துல இருக்குற கூரை ஒழுகாதுங்க, ஐயா” என்றாள். நண்பர் அதற்குப் பிறகு வெகு நேரம் வாய் திறக்கவில்லை.

ஆயினும் கீற்றுக் கூரையைக் குறைவாகப் பேச நமக்கும் மனம் வரவில்லை. தென்னை மட்டையை நெடுகப் பிளந்து, தண்ணீரில் ஊறப் போட்டு, ஓலையை ஒன்று மாற்றி ஒன்றாகப் பின்னிக் காய வைக்கிறார்கள். சவுக்குக் கழிகளாலான கைமரத்தின்மேல் மூங்கில் வரிச்சுக்களைக் கட்டி, இறவாரத்திலிருந்து முகட்டை நோக்கி வரிசை வரிசையாகக் கீற்றை ஏற்றிக் கயிற்றால் பிணைத்தால் கூரை முடிந்தது. ஆணி ஒன்று கூட வேண்டாம். கடையில் வாங்க வேண்டிய சாமான் ஏறக்குறைய ஒன்றுமில்லை. சித்திரை வெயிலில் அதன் கீழே உட்கார்ந்தவர்களுக்கு மின்சார விசிறியின் நினைவு வராது. மற்றொரு நல்ல குணமும் அதற்கு உண்டு. புயல் அடித்தால் கீற்றுக் கூரை பிய்ந்து பறக்கும். ஆனால் பறந்து வந்து விழுகிற கீற்றினால் யாருக்கும் உயிர்ச்சேதம் நேர்வதில்லை. மழைக் காலம் நெருங்கினால் கிழிந்த மீன் வலையைக் கூரைமேல் போர்த்து, நாலு மூலையிலும் இழுத்துக் கட்டிவிடுவார்கள். கடலோடிகளின் இந்த உபாயத்தை எந்தப் பொறியியல் கல்லூரியும் கற்பித்ததில்லை.

ஆனால் அந்த அம்மாள் நமக்குச் சொன்ன கணக்கைக் கேட்டால் கீற்றின் பெருமை மங்கத்தான் செய்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கூரையை மாற்றியாக வேண்டும். உப்புக் காற்றும் மழையும் சேர்ந்தால் அதற்கு முன்பே உளுத்துவிடும். முன்பெல்லாம் வீட்டுப் பெண்களே கீற்றுப் பின்னிக் கொள்வார்கள். இப்பொழுது பின்னத் தெரிந்தவர்கள் வயதானவர்கள். இளம் பெண்கள் வேலைக்கோ படிப்புக்கோ போகிறார்கள். போவது நல்லதுதான். ஆனால் கீற்று வெளியூரிலிருந்து வண்டியில் வர வேண்டும். வேய்கிற ஆள் கிடைக்கிற நாளுக்குக் காத்திருக்க வேண்டும். “மழை பேஞ்சா எம் பொண்ணு பொஸ்தகத்த எல்லாம் பிளாஸ்டிக் பையில கட்டி வெச்சிட்டுத்தான் தூங்கும்” என்றாள் அம்மாள். அந்தப் பெண் பத்தாவது வகுப்புப் படிக்கிறாள்.

இதையெல்லாம் விடப் பெரிய பயம் நெருப்பு. 2004-ஆம் வருஷம் ஜூலை மாதம் 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையற்கட்டில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகள் மாண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாடெங்கும் பள்ளிக்கூடங்களின் கீற்றுக் கூரைகளை அகற்ற வேண்டுமென்று உத்தரவு பிறந்தது. பள்ளிக்கூடத்தில் கூடாதென்று விலக்கிய கூரையின் கீழே அதே குழந்தைகள் இரவில் படுத்துறங்குவதைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. குப்பத்து வீடுகளில் அடுப்புக்கும் கூரைக்கும் இடையே உள்ள தூரம் ஓர் ஆள் உயரம்தான்.

கீற்று வேண்டாமென்று முடிவு செய்த ஏழைக் குடும்பத்துக்கு எதிரே இருக்கும் வழிகள் சிலவே. கல் வீடு கட்டலாம். பெருந்தலைவர் காமராஜர் பெயரால் புதுச்சேரி சர்க்கார் ஒரு கல் வீட்டுத் திட்டம் நடத்தி, பல குடும்பங்களுக்குப் பண உதவி செய்திருக்கிறது. ஆனால் மனைக்குப் பத்திரம் செம்மையாக இருப்பவர்களுக்கே அது எளிது. உதவித் தொகைக்கு மேலே தம் கையிலிருந்தும் போட வேண்டும். ஓடு வேயலாம், ஆனால் ஓட்டின் பாரத்துக்கு நல்ல மரம் வேண்டும், மரத்தின் விலை யானை விலை. மலிவாகக் கிடைப்பது கல்நார் அட்டை. சிமெண்டும் கல்நாரும் கலந்த இந்த அட்டை வெகு காலமாக ஏழைகளின் கூரையாக இருந்து வருகிறது. கல்நார்த் தூசி நுரையீரலில் புகுந்தால் புற்றுநோய் உண்டாகும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் திட்டமாகச் சொல்லியிருக்கிறது. அறுபதுக்கு மேற்பட்ட தேசங்கள் அதை விலக்கிவிட்டன. நம் தேசம் இன்னும் முழுவதும் விலக்கவில்லை. ஏற்கெனவே கல்நார் அட்டை போட்டிருப்பவர்கள் அதை உடைக்கவோ, அறுக்கவோ, காய்ந்த நிலையில் துளை போடவோ கூடாது. கழற்றும்போது தண்ணீர் தெளித்து முழுசாகக் கழற்ற வேண்டும் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறோம். ஆகக் கடைசியில் மிஞ்சுவது உலோகத் தகடு.

நெளிநெளியாக மடித்த இரும்புத் தகட்டை முதலில் செய்து உரிமை பெற்றவர் லண்டன் துறைமுகத்தில் வேலை பார்த்த ஹென்றி ராபின்ஸன் பாமர் என்னும் பொறியியலாளர். அது 1829-ஆம் வருஷத்தில். மெல்லிய தகட்டை நெளித்துவிட்டால் அதற்கு வளையாத பலம் உண்டாகிறது என்பதே அவர் கண்ட யுக்தி. காகிதத்தை விசிறி மடிப்பாக மடித்தவர்களுக்கெல்லாம் இந்த ரகசியம் தெரியும். துருவிலிருந்து அதைக் காக்க உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுக்கும் முறைக்கு 1837-இல் உரிமை பெற்றவர் ஸ்தானிஸ்லாஸ் ஸோரெல் என்னும் பிரெஞ்சுக்காரர். இந்தத் தகடு கப்பலேறி உலகத்தைச் சுற்றியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம்மவர்கள் அடைபட்டுக் கிடந்த லயங்களின் தலைமேலும் அதுவே இருந்தது. தகரக் கொட்டகை என்ற சொல்லுக்குத் தமிழில் இன்றும் ஒரு கசப்பு இருக்கிறதென்றால், அது அந்தப் பழைய அனுபவத்தின் சுவையே போலும். இப்பொழுது நிலைமை வேறு. 1912-ஆம் வருஷத்தில் ஜாம்ஷெட்பூரில் முதல் உருக்கு வார்த்த நம் தேசம், தனக்கு வேண்டிய கூரைத் தகட்டைத் தானே செய்து கொள்கிறது.

தகடு என்றால் எல்லாம் ஒன்றல்ல. சாதாரணத் துத்தநாகத் தகட்டில் சதுர மீட்டருக்கு, இரு பக்கமும் சேர்த்து, 120 கிராம் துத்தநாகம் பூசியதும் உண்டு. 275 கிராம் பூசியதும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே பளபளக்கும். உள்நாட்டில் இரண்டும் உழைக்கும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள காலாப்பட்டில் முதலாவது ரகம் சில மழைக் காலங்களிலேயே சிவந்துவிடும். 55 பங்கு அலுமினியமும், 43 பங்குக்குச் சற்று அதிகமாகத் துத்தநாகமும், மிச்சம் சிலிக்கனும் கலந்து பூசிய தகடு ஒன்று 1970-களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து இப்பொழுது எங்கும் பரவியிருக்கிறது. அதன்மேல் வர்ணமும் பூசியிருந்தால் உப்புக் காற்றை இன்னும் நன்றாகத் தாங்குகிறது. நாம் பார்த்த நீலத் தகடு அந்த ஜாதியைச் சேர்ந்தது. ஒரு விசித்திரம்: மழையில் நனைகிற மேல்பக்கத்தை விட, மழை படாத இறவாரத்தின் அடிப்பக்கமே முதலில் துருப்பிடிக்கிறது. மேலே படிந்த உப்பை மழை கழுவிவிடுகிறது. கீழே படிந்தது அப்படியே உட்கார்ந்து தின்கிறது. கோடையில் மாதம் ஒரு முறை இரண்டு குடம் நல்ல தண்ணீரை அங்கே வாரி இறைத்தால் போதும். இதைத் தகடு விற்கிறவர்கள் சொல்வதில்லை.

அம்மாள் நல்ல தகடாகவே வாங்கியிருந்தாள். இரண்டு வருஷம் கட்டிய சீட்டுப் பணம் அதில் போய்விட்டது. அங்கேதான் தகராறு ஆரம்பமாயிற்று. கூரை வேலைக்கு வந்திருந்த மேஸ்திரி நடுத்தர வயசுக்காரர், பேச்சுக் குறைவு. அவர் தகட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, “தகடு சரிதாம்மா. இத எதுல மாட்டப் போறோம்?” என்று கேட்டார். அம்மாள் பழைய சவுக்குக் கழிகளைக் காட்டினாள். அவற்றில் நாலைந்து உளுத்துப் போனவை. ஆணிகள் ஒரு சிறு பொட்டலத்தில் இருந்தன. மேஸ்திரி தலையை அசைத்தார்.

“ஏன் மேஸ்திரியண்ணே, கீத்து இத்தனை நாளு அதுமேலதான நின்னுச்சு?”

“கீத்து ஓட்டைம்மா. காத்து பூந்து போயிடும். இது பாய்மரத்துச் சீலை மாதிரி. பூந்து போவ வழியில்ல. தூக்கும்.”

படகுக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நேயர்களுக்காக நாம் ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். அரை மில்லிமீட்டர் கனமுள்ள உருக்குத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 4 கிலோ எடை. ‘தானே’ புயலில் வீசியது போல் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், அதே ஒரு சதுர மீட்டரின்மேல் அதன் விசை சுமார் 90 கிலோ. கூரையின்மேல் வழுக்கி ஓடும் காற்று அதை அழுத்துவதில்லை. மேல் நோக்கி உறிஞ்சுகிறது. திறந்த வாசலாலும், முகட்டுச் சுவரின் இடுக்காலும் உள்ளே புகுந்த காற்றுக் கீழிருந்து தள்ளுகிறது. 4 கிலோ எடையுள்ள பொருளை 90 கிலோ விசை மேலே இழுத்தால், நடுவே அதைப் பிடித்துக் கொண்டிருப்பது அந்தப் பொட்டலத்து ஆணிகள்தாம். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்கு ஆகிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். இவ்வாறு பிடுங்கிக் கொண்ட தகடு கீற்றைப் போல மெதுவாக வந்து விழாது. கூரிய விளிம்போடு சுழன்று வந்து எதிர்ப்பட்டவரை வெட்டும். ஏழை வீட்டுக் கூரை அடுத்த ஏழை வீட்டுக்கு ஆயுதமாகிவிடும்.

நம்முடைய அபிப்பிராயம் இதுதான்: ஜனங்கள் தகட்டுக்குப் பணம் சேர்க்கிறார்கள்; கொக்கிக்குச் சேர்ப்பதில்லை. அது அவர்கள் குற்றமும் அல்ல. தகடு கண்ணுக்குத் தெரிகிறது, ஊரார் பார்க்கிறார்கள். கொக்கி தெரிவதில்லை. சர்க்காரும் அப்படித்தான் நடந்து கொள்கிறது. புயல் போன மறுநாள் தார்ப்பாயும் அரிசியும் வண்டி வண்டியாக வருகின்றன. நன்றியோடு வாங்கிக் கொள்கிறோம். புரட்டாசி மாதத்தில் ஒரு வண்டி கொக்கி ‘போல்ட்’டும், அதைப் பூட்டத் தெரிந்த இரண்டு மேஸ்திரிகளும் குப்பத்துக்கு வந்தால், கார்த்திகையில் வேண்டியிருக்கும் தார்ப்பாயில் பாதி மிச்சப்படும்.

தகராறு எப்படித் தீர்ந்தது என்றால், வாசல் பந்தலில் கை வைத்தார்கள். கூரையை வாசல் வரையில் நீட்டி, வலை பின்னவும் மீன் உலர்த்தவும் நிழல் பண்ணிக் கொள்ள வேண்டுமென்பது அம்மாளின் வெகு நாள் ஆசை. அதற்கென்று நாலு தகடு அதிகமாக வாங்கியிருந்தாள். மேஸ்திரி ஒரேயடியாக மறுத்துவிட்டார். நீட்டிய பந்தலின் அடியில்தான் காற்று முதலில் கை வைக்கும். பந்தல் கிளம்பினால் வீட்டுக் கூரையையும் கூட இழுத்துக் கொண்டு போகும். இறவாரம் ஒன்றரை அடிக்கு மேல் நீளக் கூடாது. நிழல் வேண்டுமானால் தனிக் கால் நட்டுத் தனிப் பந்தலாகக் கீற்றாலேயே போட்டுக் கொள்ளலாம் என்றார். அம்மாள் சிறிது நேரம் கடலையே பார்த்துக் கொண்டு நின்றாள். பிறகு, “அந்த நாலையும் கடையில திருப்பிக் குடுத்துட்டு வாங்கண்ணே” என்றாள். திருப்பிக் கொடுத்த பணம் இரும்புக் குழாய்களாகவும் கொக்கிகளாகவும் வந்து சேர மத்தியானம் ஆயிற்று.

அன்று பிற்பகல் முழுவதும் நாம் அந்த வேலையைப் பார்த்துக் கொண்டிருந்தோம். மண்ணில் புதைத்திருந்த கால்களின் அடியில் சிமெண்டுக் கலவை போட்டு இறுக்கியிருந்தார்கள். காலோடு கைமரத்தை இரும்புப் பட்டையால் சுற்றிப் பிணைத்தார்கள். கைமரத்தோடு குறுக்குச் சட்டத்தைப் பிணைத்தார்கள். சட்டத்தோடு தகட்டைக் கொக்கி ‘போல்ட்’டால் பூட்டினார்கள். தகட்டிலிருந்து மண் வரையில் சங்கிலி எங்கேயும் அறக் கூடாது என்பது மேஸ்திரியின் சித்தாந்தம். நெளியின் மேட்டில்தான் துளை போட வேண்டும். பள்ளத்தில் போட்டால் தண்ணீர் அங்கேயே ஓடி ஒழுகும். ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் ‘வாஷர்’ உண்டு. அதை அளவாக முடுக்க வேண்டும். மிஞ்சி முடுக்கினால் ரப்பர் நசுங்கித் துளையே ஒழுக்காகிவிடும். கூரையின் நடுவில் இரண்டு மேட்டுக்கு ஒரு கொக்கி என்றால், இறவாரத்திலும், முகட்டிலும், இரண்டு ஓரங்களிலும் மேட்டுக்கு ஒரு கொக்கி. காற்றின் இழுப்பு ஓரங்களில்தான் அதிகம். ஒரு தகடு மற்றொன்றின்மேல் ஏறும் விளிம்பு, புயற்காற்று வருகிற திசைக்கு முதுகைக் காட்டும்படி அமைந்தது; கடல் பக்கத்திலிருந்து பார்த்தால் இணைப்பே கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு பையன் மேலே ஏறி, துளை போட்டபோது சிதறிய இரும்புப் பொடியையெல்லாம் துடைப்பத்தால் கூட்டித் தள்ளினான். பொடி கிடந்தால் இரண்டு நாளில் துருவாகி வர்ணத்தை அரித்துவிடுமாம்.

பழைய கூரையின் சாய்வை மேஸ்திரி மாற்றவில்லை. கீற்றுக்காகச் செங்குத்தாய் வைத்த சாய்வு தகட்டுக்கும் நல்லது என்றார். தட்டையான கூரையைக் காற்று எளிதில் உரித்துவிடுகிறது; நல்ல சாய்வுள்ளதை உரிப்பது கடினம். நாற்புறமும் சாய்ந்த கூரை இன்னும் உத்தமம். நம் முன்னோர் கடற்கரையில் நாற்சாய்வாக வீடு கட்டியது அழகுக்கு மட்டும் அன்று என்பதை அப்பொழுதுதான் சித்திரக்கார நண்பர் உணர்ந்து கொண்டார் போலிருக்கிறது. பையிலிருந்து காகிதத்தை எடுத்தார்.

தகட்டுக் கூரையின் பெரிய குறை உஷ்ணம். பங்குனி வெயிலில் தகட்டின் கீழே இருப்பது அடுப்பின் மேலே இருப்பது போலத்தான். ஆழிப் பேரலைக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரையில் தார் அட்டையால் போட்ட தற்காலிகக் கொட்டகைகளில் ஜனங்கள் பட்ட அவஸ்தை பிரசித்தமானது. பகலில் உள்ளே இருக்க முடியாமல் மர நிழல் தேடிப் போனார்கள். இதற்கும் வழி உண்டு. மேலே வெள்ளை வர்ணம் பூசினால் வெயிலைத் திருப்பி அனுப்பும். முகட்டின் கீழே எதிரெதிராகக் காற்றுப் போக இடம் விட்டு, மழைக் காலத்தில் பலகையால் அடைத்துக் கொள்ளலாம். எல்லாவற்றிலும் சிறந்த யுக்தியைக் குப்பத்து ஜனங்களே கண்டுபிடித்திருக்கிறார்கள்: தகட்டின் அடியில் ஓலைப் பாய் கட்டிவிடுகிறார்கள். உள்ளே இருக்கிற ஓலை நனைவதில்லையாகையால் வெகு நாள் வருகிறது, வெப்பத்தைத் தடுக்கிறது, மழை விழும் பேரிரைச்சலையும் அடக்குகிறது. ஆனால் அடுப்புக்கு மேலே மட்டும் அதைக் கட்டக் கூடாது. அம்மாளும், பிரித்த கீற்றில் உளுக்காததைத் தனியாகப் பொறுக்கி வைத்திருந்தாள்.

கல் வீடு கட்டாமல் ஏன் தகட்டோடு நிற்கிறார்கள் என்று கேட்கலாம். பணம் ஒரு காரணம். மற்றொரு காரணம் கடல். 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அரியாங்குப்பத்து ஆற்று முகத்தில் கல் கரைகள் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓயாமல் நகர்ந்து கொண்டிருந்த மணல் அங்கே தடைப்பட்டது. மணல் வராத கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. ஓர் ஊரைக் காக்கக் கருங்கல் கொட்டினால், அரிப்பு அதற்கு வடக்கே உள்ள ஊருக்கு நகர்ந்தது. அப்படியே கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று ஏறி, பிள்ளைச்சாவடியில் வீடுகளின் அஸ்திவாரத்தைத் தொட்டுவிட்டது. அங்கே பாதி இடிந்து கடலைப் பார்த்து நிற்கும் கல் சுவர்களை நாமும் கண்டோம். கடலின் முன்னிலையில் உறுதியான பொருள் என்று எதைச் சொல்வது? 1866-ஆம் வருஷத்தில் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக் கடலில் கட்டிய இரும்புப் பாலம் 1952-ஆம் வருஷத்துப் புயலில் அழிந்தது. அதற்குப் பதிலாக எழுந்த சிமெண்டுப் பாலத்தில் ஒரு பகுதி 2022-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் சரிந்து விழுந்தது.

இந்த நிலையில், பத்து வருஷத்துக்குப் பின் தன் மனை இருக்குமோ இராதோ என்று அறியாத குடும்பத்துக்குத் தகட்டுக் கூரையில் ஒரு சௌகரியம் இருக்கிறது. கொக்கிகளைக் கழற்றினால் கூரையைத் தலைமேல் தூக்கிக் கொண்டு போய் வேறிடத்தில் வேய்ந்து கொள்ளலாம். கல் வீட்டைத் தூக்கிக் கொண்டு போக முடியாது. மேஸ்திரி இதை நம்மிடம் சிரித்துக் கொண்டே சொன்னார், அம்மாள் சிரிக்கவில்லை.

பொழுது சாயும் சமயத்தில் முகட்டுத் தகடு ஏறியது. மேற்கே மேகம் கறுத்திருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய பெண் வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள். குப்பத்துச் சிறுவர்கள் நாலைந்து பேர், உடைந்த ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து எடுத்த காந்தக் கல்லைக் கயிற்றில் கட்டி, வீட்டைச் சுற்றி மணலில் இழுத்துக் கொண்டு ஓடினார்கள். பழைய ஆணிகளும் தகரத் துணுக்குகளும் அதில் மயிர் போல் ஒட்டிக் கொண்டு வந்தன. வெறுங்காலில் குத்தாமல் இருக்க இந்த ஏற்பாடாம். கிடைத்ததை எண்ணி எண்ணி ஒரு டப்பாவில் போட்டார்கள். வளையாத ஆணியை மேஸ்திரி வாங்கிக் கொள்வார். மற்றது பழைய இரும்புக்காரருக்கு.